கல்லாப் பக்கத்துக் கணினி

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

திண்டிவனம் பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெயிண்ட் கடைக்காரர்கள், மரக்கடைக்காரர்கள், ஜெராக்ஸ் கடை, அரிசி மண்டி நடத்துகிறவர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கணினி இருக்கும். அதற்கும் எட்டு, பத்து வயது ஆகியிருக்கும். கொஞ்ச காலமாக இவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தம்பி, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமாமே, நெஜமா?"

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். பழைய கணினிகளில் பெரும்பாலானவை அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கணினி கெட்டுப்போகவில்லை. நேற்று பில் போட்டது, இன்றும் போடும். ஆனால் நாளைக்கு ஒரு புது பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதை அடைக்கும் திருத்தம் முன்போலத் தானாக வராது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. சின்னக் கடைகளில் நான் பார்க்கும் விண்டோஸ்களில் நிறைய, காசு கொடுத்து வாங்காத கள்ளப் பிரதி. யாரோ ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தது. அந்தப் பூட்டை உடைக்கும் 'கிராக்' வேலை செய்ய, முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். வீட்டுக் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு, முன்பின் தெரியாதவரை உள்ளே கூப்பிடுகிற காரியம் அது. ஒரு ஹார்டுவேர் கடையில் ஒரு திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தால், எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பணம் கட்டினால் சாவி தருகிறோம் என்று திரையில் ஒரு சீட்டு. இரண்டு வருடக் கடன் பாக்கி முழுக்க அதில்தான் இருந்தது. என்னால் மீட்டுத் தர முடியவில்லை. அந்த அண்ணன் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் போய், "நீங்க எனக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினார்.

அதற்குப் பிறகுதான் லினக்ஸைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் நானாகவே பேச ஆரம்பித்தேன்.

லினக்ஸும் விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் ஓர் இயங்குதளம்தான், ஆனால் கட்டற்றது. 1991ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கிய கருவோடு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியோடு, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் அறிவித்த குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் மென்பொருள்களும் சேர்ந்து வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பத்துக் கணினியில் போடலாம். அனுமதி வாங்க வேண்டியதில்லை. நமக்கும் இது புதிதல்ல. 2011ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. இன்று உங்கள் கடையில் பில் போடும் பையனோ பெண்ணோ அந்தத் திரையை ஒரு தடவையாவது பார்த்திருக்கக் கூடும்.

லினக்ஸில் பல வகை உண்டு, கடைக்கு நான் போட்டுக் கொடுப்பது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று பழகிய முகமாக இருக்கும். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 4 ஜிபி ராம் இருந்தால் போதும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுவிட்டால், தூக்கிப்போட இருந்த கணினி நன்றாகவே ஓடும்.

ஆனால் எல்லாக் கடைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு வைத்திருந்தால், அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்ட மென்பொருள். 'வைன்' என்று ஒன்றைப் போட்டு லினக்ஸில் ஓட்டிவிடலாம் என்பார்கள். இன்னொருவருடைய கணக்கை வைத்து அந்தச் சோதனையை நான் செய்ய மாட்டேன். அந்த ஒரு கணினியில் முறையாக வாங்கிய விண்டோஸே இருக்கட்டும். ஜிஎஸ்டி தளம், இ-வே பில், வங்கி வேலை, மெயில் எல்லாம் பிரவுசரில் நடப்பவை, அவற்றுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் மட்டும், அதை லினக்ஸில் இயக்க டிரைவர் மென்பொருள் உண்டா என்று கொடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிளக்ஸ், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளை விட்டுவிட்டு, ஒரே நாளில் லினக்ஸில் ஓடும் இங்க்ஸ்கேப்புக்கு மாற முடியாது. அவர்களை நான் வற்புறுத்துவதே இல்லை.

பிரிண்டர்தான் பெரும்பாலும் வம்பு பண்ணும். டாட் மேட்ரிக்ஸ் எனக்கு அதிகம் தொல்லை தந்ததில்லை. விலை மலிவான சில லேசர் பிரிண்டர்களுக்காக அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம், தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் இருந்தால், அந்த எழுத்துருவையும் மறக்காமல் நகலெடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

இன்னொன்று. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். ஆறு வருடம் கழித்தும் அந்தக் கோப்பு திறக்க வேண்டும் அல்லவா? கடிதம், கணக்கு எழுத லினக்ஸில் பயன்படும் லிப்ரே ஆபீஸ் சேமிக்கும் ஓடிஎஃப் என்ற கோப்பு வடிவம் 2006லேயே ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. அது எப்படி எழுதப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு கம்பெனி கதவை மூடினாலும், அதைத் திறக்க இன்னொரு மென்பொருளை யாராவது எழுத முடியும்.

மென்பொருளுக்குக் காசில்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். போட்டுக் கொடுப்பவருக்குக் கூலி உண்டு, பழகும்வரை ஒரு வாரம் வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். மிச்சமாகும் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். தினமும் கடை சாத்தும்போது கணக்கை அதில் நகலெடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அந்த ஹார்டுவேர் கடை அண்ணன் இன்றைக்கு அப்படித்தான் செய்கிறார்.

எதையும் அழிக்காமலேயே பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளே நிறுவாதவரை உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை மூடிய பிறகு செய்து பாருங்கள். ஒரு பில்லை பிரிண்ட் எடுங்கள், ஜிஎஸ்டி தளத்தில் நுழையுங்கள், பழைய எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்து கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அதைத் தாளில் குறித்துக்கொண்டு, லினக்ஸ் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கிறது. கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள், நானே அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நன்றி, வணக்கம்.