விக்டோரியா காலத்துக் கடைத்தெரு: தராசுத் தட்டில் என்ன நடந்தது?

[காட்சி: கேஸ் விளக்கு எரியும் குறுகலான தெரு. கடை வாசல்களில் கூட்டம்.]

1850-கள். வட இங்கிலாந்தில் ஒரு ஆலை நகரம். சனிக்கிழமை ராத்திரி. வாரக்கூலி கைக்கு வந்தாச்சு, அதனால எந்தக் கடையும் சீக்கிரம் சாத்தாது. கறிக்கடைக்காரர் திங்கள் வரைக்கும் தாங்காத கறியை விலை குறைச்சுத் தள்ளிவிடுறார். நாம மளிகைக்கடைக்குப் போவோம்.

[காட்சி: நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்பு.]

இங்கே பெரும்பாலான சரக்கு மொத்தமாத்தான் வரும். பொட்டலம் கட்டுறது கடைக்காரர் வேலை. சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியா, நீலக் காகிதம் சுற்றி வரும். அதை உடைச்சு நிறுத்துக் கொடுக்கணும். வீட்டுல இன்னும் சின்னதா நறுக்க, நம்ம பாக்குவெட்டி மாதிரி ஒரு இடுக்கி வச்சிருப்பாங்க. தேயிலை, உள்ளே ஈயத்தகடு அடிச்ச மரப்பெட்டியில வரும். ரெண்டு மூணு வகையைக் கலந்து, அந்த ஊர்த் தண்ணியில ருசி எப்படி இறங்குதுன்னு பார்த்து விக்கிறவர்தான் தேர்ந்த மளிகைக்காரர்.

இப்ப தராசைக் கவனிங்க. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், நம்ம கணக்குல சுமார் 454 கிராம். ஏழை வீட்டுக்காரங்க கால் பவுண்டு தேயிலை, அதாவது 4 அவுன்ஸ் கேப்பாங்க. தடிமனான காகிதத்தையும் சேர்த்து நிறுத்தா? காகிதம் அரை அவுன்ஸ் இருந்தாலே, கொடுத்த காசுல எட்டுல ஒரு பங்கு காகிதத்துக்குப் போயிடும். எடைக்கல்லைச் சோதிச்சு முத்திரை குத்த 1835-லேயே சட்டப்படி ஆய்வாளர்கள் வந்துட்டாங்க. ஆனா முத்திரை எடைக்கல்லுக்குத்தான், காகிதத்துக்கு இல்ல.

[காட்சி: மாவுத் தொட்டி, செங்கல் அடுப்பு.]

அடுத்தது ரொட்டிக்கடை. ராத்திரி முழுக்கக் கையாலேயே மாவு பிசைவாங்க. வழக்கமான பெரிய ரொட்டி 4 பவுண்டு. 1836 சட்டப்படி ரொட்டியை எடை போட்டுத்தான் விக்கணும். கடையில தராசு இருக்கணும், கேட்டா நிறுத்துக் காட்டணும். எடை குறைஞ்சா மேல ஒரு துண்டு வச்சுக் கொடுப்பாங்க. அதனால தப்பு எடையில இருந்து மாவுக்குள்ள போச்சு. மட்டமான மாவுல படிகாரம் சேர்த்தா ரொட்டி வெள்ளையாகும், தண்ணியையும் கூடுதலாப் பிடிச்சுக்கும். தண்ணியும் எடைதானே! ரொட்டியையே நம்பி வளர்ற பிள்ளைகளுக்குக் கால் வளையறதுக்கு இந்தப் படிகாரம் காரணமா இருக்கலாம்னு லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1857-ல எழுதினார். அதுக்கு முன்னாடியே, 1850-களின் தொடக்கத்துல, ஆர்தர் ஹில் ஹாசல்ங்கிற மருத்துவர் கடைச் சரக்கை வாங்கி நுண்ணோக்கியில வச்சுப் பார்த்தார். காப்பியில சிக்கரி, மிளகாய்த்தூள்ல செந்தூரம்னு கண்டதையெல்லாம் 'லான்செட்' மருத்துவ இதழ் கடைக்காரர் பெயரோட அச்சிட்டது. ரொம்பத் துணிச்சலான வேலை.

[காட்சி: பிராட்ஃபோர்டு சந்தை. மிட்டாய்த் தட்டு.]

இந்தக் கலப்படம் எங்கே கொண்டுபோய் விட்டதுன்னு வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரம் காட்டுது. 1858 அக்டோபர் 30, அதுவும் ஒரு சனிக்கிழமைதான். மிட்டாய் செய்றவர் வழக்கமா சர்க்கரையில ஒரு பங்கைக் குறைச்சு ஜிப்சம் பொடியைச் சேர்ப்பார். ஒரு பவுண்டு எடைக்குச் சர்க்கரை ஆறரை பென்னி, ஜிப்சம் அரை பென்னி. அந்தத் தடவை மருந்துக்கடை உதவியாளர் தப்பான பீப்பாயிலிருந்து 12 பவுண்டு அள்ளிக் கொடுத்தார். அது வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக். பார்க்க ரெண்டுமே வெள்ளைப் பொடி. சந்தையில அந்த மிட்டாயை வாங்கித் தின்னதுல 20 பேர் இறந்தாங்க, 200 பேருக்கு மேல நோயில படுத்தாங்க.

பாஷாணம் வாங்குறவர் பெயரைப் பதிவேட்டுல எழுதணும்னு 1851-லேயே சட்டம் இருந்துச்சு. ஆனா கொடுத்தவரே அது பாஷாணம்னு நினைக்கலையே, எதை எழுதுவார்? பீப்பாய் மேல ஒழுங்கா ஒரு சீட்டு ஒட்டியிருந்தா அத்தனை உயிரும் தப்பியிருக்கும். 1868 மருந்தகச் சட்டம் சரியா அந்த இடத்தைப் பிடிச்சது: விஷத்தை எதுல போட்டு வித்தாலும் அது மேல பொருளோட பெயர், 'விஷம்'ங்கிற சொல், வித்தவர் பெயர், முகவரி எல்லாம் இருக்கணும்.

[காட்சி: ராச்டேல், டோட் லேன்.]

சட்டம் வரட்டும்னு காத்திருக்காதவங்களும் உண்டு. 1844 டிசம்பர் 21, வட இங்கிலாந்தின் ராச்டேல் ஊர்ல நெசவாளர்களும் மற்ற தொழிலாளர்களும் சேர்ந்து தங்களுக்குன்னு ஒரு கடை திறந்தாங்க. அன்னைக்கு இருந்த சரக்கு: மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி. கலப்படம் கிடையாது, எடை சரியா இருக்கும், கடன் கிடையாது. லாபத்தை அவரவர் வாங்கின அளவுக்குப் பிரிச்சுக்கிட்டாங்க. இன்னிக்குக் கூட்டுறவுக் கடைகள் பின்பற்றுற முறை அங்கே உருவானதுதான்.

[காட்சி: முத்திரையிட்ட தேயிலைப் பாக்கெட்டுகள்.]

நூற்றாண்டு முடியும்போது கடை மேடையே மாறிடுச்சு. தாமஸ் லிப்டன் 1890-ல இலங்கையில தோட்டங்கள் வாங்கினார். தமிழ்த் தொழிலாளர்கள் மலையில பறிச்ச இலை, ஒரு பவுண்டு, அரை, கால்னு நிறுத்து ஒட்டின பாக்கெட்டா அதே தெருவுக்கு வந்து சேர்ந்தது. மளிகைக்காரர் அதை எடுத்து நீட்டினாப் போதும்.