இறங்காமலே ஆளும் பறவை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் எனக்கு முன் பேசிய அண்ணாச்சி அவர்களே, அக்கா அவர்களே, நாகர்கோவிலில் ஒரு மாலை முழுவதையும் கவிதைக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கவிதையில் வரும் பருந்து அதிகாரத்தின் உருவமா, விடுதலையின் உருவமா என்பது தலைப்பு. அதிகாரத்தின் உருவமே என்று பேச நிற்கிறேன்.

அண்ணாச்சி சின்னமுட்டம் துறைமுகத்துக்கு மேலே வட்டமிடும் செம்பருந்தைப் பற்றி அழகாகச் சொன்னார். அதற்கும் பசி உண்டு, கூட்டில் குஞ்சு உண்டு, அதைப் போய்க் கொடுங்கோலன் ஆக்கலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. வானத்துப் பருந்தின்மேல் எனக்கு ஒரு வழக்கும் கிடையாது. சுசீந்திரம் குளக்கரையில் நேரம் போவது தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் வழக்கு கவிதைக்குள் நுழைந்த பருந்தைப் பற்றியது. கவிதையை எழுதியவர் தரையில் நிற்கிறார். அவர் அண்ணாந்துதான் பார்க்க முடியும்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ஆச்சி கோழி வளர்த்தாள். பருந்து எங்கள் கண்ணில் படும் முன்பே அதன் நிழல் முற்றத்தில் ஓடிவிடும். தாய்க்கோழி ஒரே ஒரு குரல் கொடுக்கும். அடுத்த நொடி குஞ்சுகள் அத்தனையும் சிறகுக்குள். பருந்து இறங்கவே இல்லை, சும்மா சுற்றிவிட்டுப் போய்விட்டது என்றாலும் அந்தக் கொஞ்ச நேரம் முற்றம் அதன் கையில்தான். இறங்காமலே ஆள முடியும் என்று நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

இனி நம்முடைய பாட்டுக்கு வருகிறேன். புறநானூற்றில் 43-ஆம் பாட்டு. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் தாமப்பல் கண்ணனார் என்ற புலவரும் வட்டு என்ற காயை வைத்து ஆடுகிறார்கள். ஆட்டத்தில் புலவர் வட்டைக் கைக்குள் மறைத்துவிடுகிறார். இளவரசனுக்குக் கோபம் வருகிறது. கையிலிருந்த வட்டையே அவர்மீது வீசிவிடுகிறான். புலவர் நிமிர்ந்து, ‘நீ சோழன் மகன் அல்லை’ என்கிறார். அவன் நாணித் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறான். அப்போது பாடிய பாட்டு இது. அந்தப் பாட்டில் புலவர் யாரைக் கூட்டி வருகிறார் தெரியுமா? ‘கொடுஞ்சிறைக் கூருகிர்ப் பருந்து’. வளைந்த சிறகும் கூர்மையான நகமும் கொண்ட அந்தப் பருந்துக்குத் தப்பிக் குறுநடைப் புறா ஒன்று ஓடி வருகிறது. அதைக் காப்பாற்றத் தராசில் ஏறிய மன்னனின் வழிவந்தவனே என்று மாவளத்தானை விளிக்கிறார்.

இதை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தின் பொருத்தம் என்னை அசத்துகிறது. வலியவன் ஒருவன் எளியவன்மேல் கை ஓங்கிய அந்த நொடியில் புலவரின் நாவில் பருந்து வந்து நிற்கிறது. உன் முன்னோர் பருந்துக்கும் புறாவுக்கும் நடுவில் போய் நின்றார். நீ எந்தப் பக்கம் நிற்கிறாய்? இந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்கவில்லை. கேட்காமலே இளவரசனுக்குப் புரிந்திருக்கும்.

சரி, தற்செயலாக வந்தது என்பீர்களா? சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாண்டியன் அவையில் ஒற்றைச் சிலம்போடு நிற்கும் கண்ணகி, நீ யார் என்று கேட்ட அரசனிடம் தன் ஊரைச் சொல்லும்போது ‘புள்ளுறு புன்கண் தீர்த்தோன்’, பறவையின் துயரைத் தீர்த்தவன் என்றுதான் ஆரம்பிக்கிறாள். அதே புறா, அதே தராசு. மறுபடியும் தவறு செய்த ஓர் அரசனுக்கு முன்னால். பருந்தின் பெயரைக்கூட அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அது சிம்மாசனத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மகாபாரதம் இதே கதையைச் சொல்லும்போது பருந்தாக வந்தவன் இந்திரன் என்கிறது. புறாவாக வந்தவன் அக்கினி. எத்தனையோ பறவை இருக்க, தேவர்களுக்கு அரசன் போட்டுக்கொண்ட வேடம் அதுதான்.

கடல் கடந்து போனாலும் இதுதான். சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கவிஞர் ஹெசியட் அரசர்களுக்கென்றே ஒரு கதை சொல்கிறார். பருந்தின் நகத்தில் குத்துண்டு ஒரு பாடும் பறவை அழுகிறது. பருந்து சொல்கிறது: ஏன் கத்துகிறாய்? உன்னைவிட வலியவன் பிடித்திருக்கிறான். நீ பாடகி ஆனாலும் நான் கொண்டுபோகும் இடத்துக்குத்தான் வர வேண்டும். உன்னைத் தின்பதும் விடுவதும் என் இஷ்டம். அந்தப் பாடும் பறவையில் கவிஞர் தம்மையே வைத்திருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன்.

இந்த எல்லாப் பாட்டிலும் பருந்துக்கு எதிரே யாரோ ஒருவர் உண்டு. ஒரு புறா, ஒரு பாடகி, தராசோடு ஒரு மன்னன். 1960-இல் வந்த, ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸின் கவிதைக்கு வாருங்கள். அங்கே எதிரே யாருமே இல்லை. காட்டின் உச்சியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பருந்து மட்டும் 24 வரிகளுக்குத் தானே பேசுகிறது. என் கால், என் இறகு, என் கண். இதையெல்லாம் உண்டாக்கப் படைப்பு முழுவதும் உழைத்தது, இப்போது படைப்பே என் காலுக்குள் இருக்கிறது என்கிறது. நினைத்த இடத்தில் கொல்வேன், எல்லாம் என்னுடையதுதான் என்கிறது. என் உரிமைக்கு வாதம் எதுவும் தேவையில்லை என்கிறது. நடுவர் அவர்களே, நாம் இங்கே மேடை போட்டு, இரண்டு அணியாக அமர்ந்து, வாதம் செய்துகொண்டிருக்கிறோம். வாதமே வேண்டாம் என்று சொல்லும் குரலை அதிகாரம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

முடிவில் அது சொல்வது, நான் வந்ததிலிருந்து எதுவும் மாறவில்லை, மாற்றத்தை என் கண் அனுமதித்ததில்லை, இப்படியே வைத்திருக்கப் போகிறேன் என்று. குமரி மாவட்டத்தில் பிறந்த ஒருவரால் அந்த இடத்தைச் சும்மா கடந்துபோக முடியாது. இதே கல்குளத்திலும் இரணியலிலும் நம் பாட்டிகளுக்குப் பாட்டிகள் மேலாடை போட்டதற்காக அடிபட்டார்கள், சந்தையில் ஆடை கிழிக்கப்பட்டார்கள். 1820-களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீண்டது. அந்த ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து அறிக்கை விட்டது: நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் கூடாது. கொடுக்கும்போதே கோடு போட்டுக் கொடுக்கிற அந்தக் குரலைத்தான் ஹியூஸின் பருந்திடம் நான் கேட்கிறேன்.

எதிரணி அக்கா இதற்குப் பதில் வைத்திருந்தார். ஹியூஸே, என் பருந்து சர்வாதிகாரி அல்ல, இயற்கை தன் மனதில் நினைப்பதைத்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கிறார் என்றார். உண்மைதான், சொல்லியிருக்கிறார். ஆனால் எந்த அதிகாரம் தன்னை அதிகாரம் என்று சொல்லிக்கொண்டது? இதுதான் இயற்கை, ஆதியிலிருந்து இப்படித்தான் என்றுதானே எப்போதும் சொல்லி வந்திருக்கிறது? கவிஞரின் விளக்கம் என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது.

அண்ணாச்சி உருதுக் கவிஞர் இக்பாலின் ராஜாளியைக் கொண்டுவந்தார். உன் கூடு சுல்தானின் மாளிகைக் குவிமாடத்தில் இல்லை, மலைப்பாறையில் போய்த் தங்கு என்று இளைஞர்களுக்குச் சொன்ன கவிதை. அருமையான கவிதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘மாளிகையில் இல்லை’ என்று ஒரு கவிஞர் எப்போது சொல்லுவார்? அதை எல்லோரும் மாளிகையில் வைத்துவிட்ட பிறகுதான். விடுதலைக்கு ஒரு பறவை வேண்டும் என்று நம் பாரதி தேடியபோது பருந்தையா பிடித்தார்? ‘விட்டு விடுதலையாகி நிற்பாய் இந்தச் சிட்டுக் குருவியைப் போலே’. கைக்குள் அடங்கும் குருவியைப் பிடித்தார்.

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் தாருங்கள் அய்யா. அக்கா கடைசியாகக் குறுந்தொகைப் பாட்டு ஒன்றைச் சொன்னார். பாலை வழியில் ஓமை மரக்கிளையில் உட்கார்ந்து கூவும் பருந்து, ‘இனந்தீர் பருந்தின் புலம்புகொள் தெள்விளி’, அந்த வழியில் நடப்பவர்களுக்குத் துணையாகும் என்ற பாட்டு. வீட்டில் இதற்கு ஒரு மறுப்பைத் தயார் செய்ய உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. ‘இனந்தீர்’ என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். கூட்டத்தைப் பிரிந்து, தனியாகி, புலம்பத் தொடங்கிய பிறகுதான் அது வழிப்போக்கனுக்குத் துணையாகிறது. அந்த ஒரு பருந்தை எதிரணிக்கே மனதாரக் கொடுத்துவிடுகிறேன். தராசுக்கு எதிரே நிற்கிற பருந்தும், ஹெசியட்டின் பருந்தும், காட்டு உச்சியில் கண்மூடி உட்கார்ந்திருக்கிற பருந்தும் எங்கள் அணிக்கு.

நன்றி, வணக்கம்.