ஏற்காட்டு மூடுபனிக்கு எந்த கோல்ஃப் வெட்ஜ்? குரோமா, கறுப்பா, பூச்சே இல்லாததா?

வணக்கம். இந்தக் கேள்வி ஏற்காட்டுல இருந்து வந்திருக்கு. நண்பர் எஸ்டேட் புல்வெளியில கோல்ஃப் சிப்பிங் (கிட்டத்துல இருந்து பந்தைச் சின்னதா தூக்கிப் போடறது) பழகுறார், ஆட்டத்துக்கு ஊட்டி, கோயம்புத்தூர்னு போய்ட்டு வர்றார். வெட்ஜ்னா முகம் நல்லா சாஞ்ச, பந்தை உசரமா தூக்கிக் கிட்டத்துல இறக்கற மட்டை (கிளப்); டிகிரி அந்தச் சாய்வோட அளவு. அவரோட அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட்டுல பிட்ச்சிங் வெட்ஜ் 44 டிகிரி, தனியா ஒரு பழைய 56 வெச்சிருக்கார். "60 வாங்கலாமா? முலாமே இல்லாத ரா ஃபினிஷ் வாங்கினா பந்து நல்லா சுழலும்ங்கறாங்க, உண்மையா? இங்க இருக்கற ஈரத்துக்கு அது தாங்குமா?"னு கேக்கறார்.

முதல்ல 60-ஐ ஓரமா வைங்க. உங்க பையில இருக்கற ஓட்டை வேற இடத்துல. 44-க்கும் 56-க்கும் நடுவுல 12 டிகிரி இருக்கு. சராசரியா அடிக்கறவங்களுக்கு 4 டிகிரிக்கு 10 யார்டு வித்தியாசம் வரும்னு வெச்சுக்கோங்க. பிட்ச்சிங் வெட்ஜ் 110 போனா 56 ஒரு 80 போகும். அப்ப 95 யார்டுல பந்து கிடந்தா என்ன பண்ணுவீங்க? ஒண்ணைப் பாதியா அடிக்கணும், இல்லாட்டி இன்னொண்ணை மூச்சைப் பிடிச்சு அடிக்கணும். ரெண்டுமே தப்பு நடக்கற இடம். அதனால முதல்ல வாங்க வேண்டியது 50. உங்க அயர்ன் செட்டு கம்பெனியே அந்த செட்டோட சேர்ந்தாப்ல இந்த இடைவெளிக்குன்னே ஒரு கேப் வெட்ஜ் போட்டிருந்தா அதையே வாங்குங்க, முழு ஸ்விங்குக்கு அதுதான் சுலபம். 60 கடைசியா பாத்துக்கலாம். பந்துக்கு அடியில வழுக்கிட்டுப் போற கிளப் அது, வாரம் ஒரு நாள் தொடறவங்களுக்குச் சரிப்படாது. பையில 14-க்கு மேல வைக்கவும் கூடாதில்லையா.

அடுத்தது பவுன்ஸ். கடையில நிறத்தைப் பாக்கறாங்க, லாஃப்ட் நம்பரை, அதாவது அந்த 56, 60-ஐப் பாக்கறாங்க, பக்கத்துல இருக்கற ரெண்டாவது நம்பரை யாரும் பாக்கறதில்ல. இங்க பாருங்க, டைல்ஸ் மேல 56-ஐ நேரா வைக்கறேன். முன் விளிம்பு தரையைத் தொடல. அடிப்பாகத்தோட பின்பக்கம்தான் தொடுது. விசிட்டிங் கார்டு ஒண்ணு அடியில நுழையுது. இப்ப முகத்தைத் திறக்கறேன், அதாவது மேல பாக்கத் திருப்பறேன், இன்னும் மேல ஏறிடுச்சு, ரெண்டு கார்டு சேத்துப் போகுது. இந்த அடிப்பக்கம் சாஞ்சிருக்கற கோணம்தான் பவுன்ஸ். 4, 6 எல்லாம் கம்மி. 7-லிருந்து 10 வரைக்கும் நடுத்தரம். அதுக்கு மேல அதிகம்.

நம்ம ஊர்ல இது ஏன் முக்கியம்னா, ரெண்டு மண்ணுல ஆடறீங்க. மலையில மழைக்காலத்துல தரை பொதபொதன்னு இருக்கும். அங்க பவுன்ஸ் கம்மியா இருந்தா முன் விளிம்பு மண்ணைக் கொத்தி நின்னுடும், பந்து ரெண்டடி நகரும். அதே ஆள் சித்திரை வெயில்ல சமவெளியில காஞ்ச தரைக்கு 14 பவுன்ஸ் எடுத்துட்டுப் போனா, அடிப்பாகம் தரையில மோதி எகிறி, விளிம்பு பந்தோட வயித்துல அடிக்கும். குழி இருக்கற கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழும்.

எது உங்களுக்குன்னு தெரியணும்னா உங்க டிவட்டை, அதாவது அடிக்கறப்ப தரையில இருந்து பேர்ந்து வர்ற புல்லைப் பாருங்க. புல்லை மட்டும் வழிச்சுட்டுப் போகுதா, இல்ல மம்பட்டி போட்ட மாதிரி கட்டி கட்டியா பேக்குதா? கட்டியா பேக்கறவங்க 56-ல 12, 14 எடுங்க. வழிக்கறவங்களுக்கு 10 போதும். அடிப்பாகத்துல குதிகால் பக்கம், அதாவது தண்டு சேர்ற பக்கம், சீவி எடுத்த வடிவமா (கிரைண்ட்) இருந்தா, முகத்தைத் திறந்தாலும் விளிம்பு அவ்வளவா தூக்காது. பின்னாடி 60 வாங்கினா அதுல 6, 8 மாதிரி கம்மியா எடுங்க. ஈரத் தரைக்கு 56, காஞ்ச தரைக்கு 60னு ஆயிடும்.

இப்ப ஃபினிஷ். பெரும்பாலான நல்ல வெட்ஜ் தலை கார்பன் ஸ்டீல். சேலம் உருக்காலைன்னதும் நமக்கு ஞாபகம் வர்ற எவர்சில்வர் இல்ல இது. எவர்சில்வர்ல குரோமியம் உள்ளேயே கலந்திருக்கு, இதுல மேல மெல்லிசா நிக்கல், குரோம்னு பூச்சுதான். ரா ஃபினிஷ்னா அந்தப் பூச்சும் கிடையாது. வீட்டு இரும்பு தோசைக்கல்லைத் தண்ணியோட ராத்திரி விட்டா காலையில செம்பழுப்பா நிக்குமே, அதேதான். ஏற்காட்டு மூடுபனியில தனியா தண்ணிகூட ஊத்த வேண்டாம்.

துருவால சுழற்சி கூடுமான்னா, அதை நம்பி வாங்காதீங்க. சுழல வைக்கறது கூர்மையான குரூவும் (முகத்துல இருக்கற கோட்டுப் பள்ளம்), சுத்தமான முகமும், காஞ்ச பந்தும். பனி ஈரத்துல புல்லும் தண்ணியும் நடுவுல மாட்டினா எந்த ஃபினிஷா இருந்தாலும் பந்து வழுக்கி உசரமா கிளம்பும், விழுந்து நிக்காம ஓடும். ரா வாங்க நியாயமான காரணம் வெயில்ல கண் கூசாது, பாக்கவும் சிலருக்குப் பிடிக்கும். கூசக்கூடாதுன்னா மங்கலா, பளபளக்காம இருக்கற சாட்டின் குரோமே போதும். உங்க இடத்துக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

கறுப்பு ஆசை இருந்தா இருக்கட்டும். ஆனா பங்கர்ங்கற மணல் குழி அதைச் சும்மா விடாது. அடிப்பாகத்துல வெள்ளிக் கோடு, முகத்துல பந்து படற இடத்துல ஒரு வட்டம், இது ரெண்டும் வந்தே தீரும். கறுப்புக்குப் போடற பி.வி.டி. (வெற்றிடத்துல ஆவியா படிய வைக்கற) பூச்சு ரொம்ப மெல்லிசு. கியூ.பி.க்யூ.ன்னு போட்டிருந்தா உப்புக் குளியல்ல மேற்பரப்பையே மாத்தினது, கொஞ்சம் கூட நாள் தாங்கும்.

ஒரு விஷயம் சேத்துச் சொல்லிடறேன். தேஞ்ச வெட்ஜைச் செவ்வாப்பேட்டை பக்கம் கொலுசுக்கு முலாம் போடற பட்டறையில குடுத்துப் புதுசாக்கிடலாம்னு தோணும். வேண்டாம். பாலிஷ் சக்கரத்துல வெச்சாலே குரூ விளிம்பு மழுங்கிடும், அதுக்கு மேல முலாம் ஏறினா பள்ளமும் குறையும். எமரித் தாள் போட்டு நீங்களே குரோமைச் சுரண்டறதும் அதே கதைதான். குரூவை ஆழப்படுத்தற கருவி விக்கறாங்க, அதுலயும் கவனம். 2010 ஜனவரியிலிருந்து தயாராகற கிளப்புக்கு குரூ அளவு, விளிம்புக் கூர்மை ரெண்டுக்கும் வரம்பு இருக்கு. அதைத் தாண்டினா போட்டியில எடுக்க முடியாது.

உங்க பழைய 56-ஐ நகத்தால குறுக்க உரசிப் பாருங்க. முகத்தோட ஓரத்துல நகம் மாட்டி, நடுவுல வழுக்கிட்டுப் போச்சுன்னா அதோட காலம் முடிஞ்சது. நல்லா இருந்தா பழைய பல் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணி, சோப்பு போதும். கம்பி பிரஷ் வேண்டாம். துடைச்சு, காய வெச்சு அப்புறம் பையில போடுங்க. நனைஞ்ச கவரை மாட்டி டிக்கியில பூட்டினா குரோம்கூட சின்னக் கீறல் வழியா துரு பிடிக்கும். ராவா இருந்தா தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு துணியில விட்டுத் தேய்ச்சு வைங்க, ஆடறதுக்கு முன்னாடி முகத்தைத் துடைச்சிடுங்க. தேங்காய் எண்ணெய் மட்டும் போடாதீங்க. மார்கழிக் குளிர்ல ஏற்காட்டுல அது உறைஞ்சு குரூ பூரா வெள்ளையா அடைச்சுக்கும்.