விரலுக்கு ஒரு வரைபடம்: நெல்லையப்பர் கோயிலைக் கையில் கொடுப்பது எப்படி?

[திரை: மேசை மேல் ஒரு ஏ4 தாள். வயதான ஒருவரின் வலது கை அதன் மேல் ஊர்ந்துபோகிறது.]

வணக்கம். இந்த வீடியோவில் திரையில் வருவது எல்லாவற்றையும் நான் வாயாலும் சொல்லிக்கொண்டே வருவேன். பார்க்க முடியாதவர்கள் காதால் கேட்டாலே போதும். கேட்க முடியாதவர்களுக்குக் கீழே தமிழ் எழுத்து ஓடும். இப்போது திரையில் ஒரு தாள் இருக்கிறது. அதன் மேல் நூலும் உப்புத்தாளும் ஒட்டியிருக்கிறது. ஒரு பெரியவர் அதை விரலால் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் படிப்பது திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருக்கும் நாலு ரதவீதிகளை.

நான் பாளையங்கோட்டையில் வீட்டு பிளான் போடுகிறவன். கணினியில் கோடு இழுப்பதுதான் தொழில். எங்கள் ஊரில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கையால் பேசிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனாலும் நான் போட்ட ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றுகூட அவர்களுக்காகப் போட்டதில்லை. அது எனக்கு உறைக்க ஒரு அண்ணாச்சி வேண்டியிருந்தது.

எங்கள் தெருக்காரர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனித் தேரோட்டத்துக்கு வருடம் தவறாமல் போய் வடம் தொடுகிறவர். ஒருநாள் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "தேரு நாலு ரதவீதியும் சுத்துதுன்னு சொல்லுதாவ. அந்த நாலு வீதியும் எப்படித் திரும்புதுன்னு இத்தனை வருசத்துல ஒருத்தரும் என் கையில காட்டலையே தம்பி."

சரி, நான் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

[திரை: முதல் தாள். கோயிலின் முழுத் தரைப்படம். எல்லாக் கோட்டின் மேலும் நூல் ஒட்டியிருக்கிறது.]

இதுதான் முதலில் செய்தது. பிராகாரம், மண்டபம், தூண் வரிசை, தெப்பக்குளம், சுற்றியிருக்கும் சந்துகள் என்று ஒன்று விடாமல் போட்டு, ஒவ்வொரு கோட்டின் மேலும் நூல் ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. அண்ணாச்சி விரலை வைத்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது, எடுத்துவிட்டார்.

"என்ன தம்பி இது, முள்ளுக்காட்டுக்குள்ள கைய விட்ட மாதிரில்லா இருக்கு."

ஏன் அப்படி ஆயிற்று? கண் ஒரு படத்தை ஒரே வீச்சில் முழுதாக வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் உள்ளே நுணுக்கம் தேடும். விரலுக்கு அந்த வசதி இல்லை. ஒரு நேரத்தில் ஒரு நுனியளவுதான் அதற்குக் கிடைக்கும். தொட்டதை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்ததைத் தொட்டு, இரண்டையும் சேர்த்து, இப்படியே முழுப் படத்தையும் உள்ளே கட்டிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு தேவையில்லாத கோடு வந்தால் அதுவரை கட்டியது சரிந்துவிடும்.

அளவும் முக்கியம். விரல் நுனியில் 2 மில்லிமீட்டருக்கும் நெருங்கி இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். பார்வையில்லாதவர்கள் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தில் புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மில்லிமீட்டர் விட்டிருப்பது அதனால்தான். தொடு வரைபடத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் வேண்டும். என் தாளில் தூண்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நின்றன.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். பார்வையில்லாதவர்களுக்குப் படமே புரியாது என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தப்பு. துருக்கியில் ஈஷ்ரெஃப் ஆர்மாகன் என்று ஒரு ஓவியர், 1953இல் பிறந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தூரத்துக் கோடுகள் ஒடுங்கிப் போவதைக்கூட வரைந்து காட்டியவர். என் படம் அண்ணாச்சிக்குப் புரியாமல் போனதற்குக் காரணம் அவர் கண் இல்லை, என் படம்.

அப்புறம் அவரிடமே கேட்டேன், படத்தில் என்னென்ன வேண்டும் அண்ணாச்சி என்று. மூன்றே மூன்று சொன்னார். வாசல் எங்கன, தேர் எங்கன திரும்பும், நான் எங்கன நிக்கேன். அவ்வளவுதான். தூண்களை எடுத்தேன். சந்துகளை எடுத்தேன். தெப்பக்குளத்தை எடுக்க மனம் வரவில்லை, அதையும் எடுத்தேன்.

[திரை: இரண்டாவது தாள். வெளியே ஒரு பெரிய செவ்வகம். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய செவ்வகங்கள். நடுவே ஒரு குறுகிய பட்டை.]

மிஞ்சியது இதுதான். வெளியே நாலு ரதவீதிகள். உள்ளே சுவாமி கோயில் ஒரு செவ்வகம், காந்திமதி அம்பாள் கோயில் இன்னொரு செவ்வகம். இரண்டையும் சேர்க்கும் குறுகிய பட்டை சங்கிலி மண்டபம். 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. இந்தக் கோயிலின் அமைப்பே அதுதானே: இரண்டு கோயில், நடுவே ஒரு சங்கிலி. கண்ணால் பார்க்கிற எனக்கே, எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் அது பளிச்சென்று தெரிந்தது.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொடு உணர்வு கொடுத்தேன். ரதவீதிக்கு உப்புத்தாள், விரல் பட்டதும் சொரசொரக்கும். கோயில் மதிலுக்குத் தடித்த பருத்தி நூல். வாசல் இருக்கும் இடத்தில் நூலை வெட்டி இடைவெளி விட்டு, பக்கத்தில் ஒரு சட்டைப் பித்தான். சங்கிலி மண்டபத்துக்குப் பழைய கோரைப்பாயிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு. பத்தமடைப் பாய் என்றால் இழை மிகவும் நைசாகிவிடும், விரலுக்கு அகப்படாது. வீட்டில் விரித்துப் படுக்கும் முரட்டுப் பாய்தான் இதற்குச் சரி. தாளின் வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டேன். அந்த வெட்டு வலது கைப்பக்கம் மேலே இருந்தால் தாள் நேராக இருக்கிறது, வடக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

பிரெயிலில் பெயர் எழுதப் போனபோது அடுத்த சிக்கல். தமிழ் பிரெயிலில் உயிர்மெய்யைச் சேர்த்து எழுத முடியாது. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் கட்டம், மெய்யின் தலையில் வைக்கும் புள்ளிக்கும் தனிக் கட்டம். 'சங்கிலி மண்டபம்' என்று முழுதாக எழுதினால் ஏறக்குறைய 15 கட்டம் வரும். ஒரு கட்டத்துக்கு 6 மில்லிமீட்டர் என்றால் 9 சென்டிமீட்டர். ஏ4 தாளின் அகலமே 21 சென்டிமீட்டர்தான். எழுத்தைச் சின்னதாக்கலாம் என்றால் அதுவும் முடியாது, பிரெயிலைச் சுருக்கினால் விரலுக்குப் புள்ளி பிரிந்து தெரியாது. அதனால் படத்தில் 'ச' என்று ஒரே ஒரு எழுத்து. 'ச' என்றால் என்ன என்பது தனித்தாளில்.

ஒரு படத்துக்கு நூல் ஒட்டலாம். பத்துப் படம் வேண்டுமென்றால்? அங்கேதான் கணினி கைகொடுக்கிறது.

[திரை: கணினித் திரை. அதே படம் மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கிறது.]

என் கோப்பில் மூன்று அடுக்கு வைத்திருக்கிறேன். ஒன்றின் பெயர் கண், ஒன்று விரல், ஒன்று குரல். கண் அடுக்கில் நிறமும் எழுத்தும் நுணுக்கமும் எல்லாம் உண்டு. பார்வை மங்கலானவர்களுக்கு எழுத்தும் பின்னணியும் நன்றாக வேறுபட வேண்டும். இணைய அணுகல் விதிகள் கேட்பது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு. வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்துப் போட்டால் அது ஒருநாளும் தேறாது.

விரல் அடுக்கில் தடித்த கறுப்புக் கோடுகள் மட்டும். இதை அச்சிட உப்பும் தாள் என்று ஒன்று இருக்கிறது, சொரசொரப்பான உப்புத்தாள் இல்லை, சூடு பட்டால் வீங்கும் தாள். அதன் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண் குமிழ்கள் உண்டு. அச்சிட்ட தாளை வெப்ப விளக்குக்குக் கீழே விட்டால், கறுப்பு மை வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். மை பட்ட இடம் மட்டும் உப்பி மேடாகும். மற்ற இடம் அப்படியே இருக்கும்.

அந்தத் தாளும் இயந்திரமும் எங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிற பொருள் இல்லை. நான் செய்த வழி வேறு. தையல்கடையில் துணியில் அடையாளம் போட உருட்டுவார்களே, பல்லுள்ள சின்னச் சக்கரம், அது ஒன்று வாங்கினேன். கடையில் டிரேசிங் வீல் என்று கேட்டால் கொடுப்பார்கள். கெட்டித் தாளுக்குக் கீழே பழைய சைக்கிள் டியூபை விரித்து, தாளின் பின்பக்கம் கோட்டின் மேல் சக்கரத்தை அழுத்தி உருட்டினால், முன்பக்கம் புள்ளி புள்ளியாக மேடு எழும்பும்.

பின்பக்கத்திலிருந்து வரைவதால் இடம் வலமாக மாறிவிடும். அதனால் அச்சிடும் முன் கணினியில் படத்தை மிர்ரர் செய்ய வேண்டும். ஒருமுறை அதை மறந்துவிட்டேன். தாளைத் திருப்பிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு செவ்வகம், நாலு வீதி, எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும்? அண்ணாச்சி பித்தானில் தொடங்கி, கீழ ரதவீதி, தெற்கு ரதவீதி, மேல ரதவீதி என்று எழுத்தைத் தொட்டுக்கொண்டே போய், பாதியில் நிறுத்தினார்.

"தேரு எப்ப தம்பி அப்பிரதட்சிணமா சுத்துச்சு?"

அப்படியே கையில் கொடுத்திருந்தால், கிழக்கே போக வேண்டியவர் மேற்கே போயிருப்பார். அன்றிலிருந்து, படிக்கப்போகிறவர் தொட்டுப் பார்க்காமல் எந்தத் தொடு வரைபடத்தையும் முடிந்தது என்று நான் எண்ணுவதில்லை.

மூன்றாவது அடுக்கு குரல். கோடுகளைக் கணக்காகச் சேமிக்கும் எஸ்விஜி கோப்புக்குள்ளேயே தலைப்பும் விளக்கமும் எழுதி வைக்க இடம் இருக்கிறது. போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ மாதிரியான திரைவாசிப்பான்கள் அதைப் படித்துச் சொல்லும். என்விடிஏ இலவசம், 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. ஆனால் விளக்கத்தில் 'கோயில் படம்' என்று மட்டும் எழுதினால் யாருக்கு என்ன பயன்? நான் எழுதியது இப்படி: "நாலு ரதவீதிகள் ஒரு செவ்வகமாகச் சுற்றி நிற்கின்றன. உள்ளே சுவாமி கோயிலும் அம்பாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் வாசல் கிழக்கே, கீழ ரதவீதியைப் பார்த்து. நடுவே சங்கிலி மண்டபம் இரண்டையும் இணைக்கிறது." கேட்கிறவர் மனதில் தானே வரைந்துகொள்ளலாம்.

இதைச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். அண்ணாச்சிக்கு ஒரு அலுவலகத்திலிருந்து உதவித்தொகை பற்றி ஒரு கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. போன் அதைப் படித்தது, வெறும் ஆங்கில எழுத்துகளாக உளறியது. திறந்து பார்த்தால் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. 2010இலேயே தமிழக அரசு, தமிழைத் தமிழாகவே கணினிக்குள் வைக்கும் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னமும் பழைய எழுத்துருவில் அடித்து, அல்லது போட்டோவாக எடுத்து அனுப்புகிறோம். கடிதம் யாருக்கோ, அவரால்தான் அதைப் படிக்க முடியவில்லை.

[திரை: கட்டம் போட்ட தாள். மூன்று படி, பக்கத்தில் ஒரு நீண்ட சாய்வு.]

இப்போது விரலை விட்டுவிட்டுச் சக்கரத்துக்கு வருகிறேன். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் எங்கள் பக்கத்தில் நான் பார்த்த பலவும் ஏறவே முடியாத செங்குத்து. காரணம் எளிது, யாரும் முதலில் வெட்டுத்தோற்றம், அதாவது பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் தெரியும் படம், போட்டுப் பார்ப்பதில்லை. விதி 1க்கு 12. ஒரு கட்டம் மேலே ஏற, பன்னிரண்டு கட்டம் நீளம் போக வேண்டும். மழைத்தண்ணீருக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய கடை, மூன்று படி, படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 45. சாய்தளம் 540 சென்டிமீட்டர், அதாவது 5.4 மீட்டர் வேண்டும். மேலே ஏறியதும் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம். வாசல் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம். கட்டத்தாளில் ஐந்து நிமிடம் வரைந்தாலே நேராக இடம் பத்தாது, சுவரோரமாக மடக்கித்தான் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துவிடும். சிமெண்ட் போட்ட பிறகு தெரிந்து என்ன செய்வது?

கடைச்சுவரில் நீலப் பலகை மட்டும் மாட்டிவிட்டால் ஆகாது. அந்தச் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968இல் டென்மார்க் மாணவி சூசன் கோஃபோட் வரைந்தபோது அதில் தலையே கிடையாது, வெறும் நாற்காலிதான். உட்கார்ந்திருப்பது ஒரு ஆள் என்று காட்ட, பிறகுதான் மேலே ஒரு வட்டம் சேர்த்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நம் நாட்டில் 2016இலேயே வந்துவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

காது கேளாதவர்களுக்கு வரையும்போதும் ஒரு கவனம் வேண்டும். சைகை என்பது அசைவு. கை நிற்கும் நிலையை மட்டும் வரைந்தால் அது பாதிச் சொல்தான். கை தொடங்கும் இடத்தைப் புள்ளிக்கோட்டிலும், முடியும் இடத்தை முழுக்கோட்டிலும், நடுவே அம்புக்குறியும் போட வேண்டும். முகமும் வேண்டும், புருவம் ஏறினால் சொல்வது கேள்வியாகிவிடும்.

[திரை: மூன்றாவது தாள். மீண்டும் அந்தக் கை.]

இது சரியாக வந்த தாள். அண்ணாச்சியின் விரல் கீழ ரதவீதியில் தொடங்கி, தெற்கே திரும்பி, மேற்கே போகிறது. தெற்கும் மேற்கும் சேரும் மூலையில் நிற்கிறது. அந்த மூலையை இரண்டு மூன்று தடவை தடவிப் பார்க்கிறார்.

"தேருக்கு முட்டுக்கட்டை போடுத சத்தம் இந்த மூலையிலதான் நெடுநேரம் கேட்கும். ஏன்னு இப்பம்தான் தெரியுது. மூலை இவ்வளவு நேராவா திரும்புது?"

நான் எங்கன நிக்கேன் என்று கேட்டாரே, அதைப் படத்தில் வைக்க நான் மறந்திருந்தேன். எங்கே நிற்பீர்கள் அண்ணாச்சி என்றேன். வடக்கு ரதவீதியில், பாதி தூரம் தாண்டி, மாப்பிள்ளை கடைப் படியில் என்றார். அந்த இடத்தில் ஒரு சொட்டு ஃபெவிகால் விட்டு, ஒரு மிளகை வைத்து அழுத்தினேன். காயும்வரை பொறுங்கள் என்றேன். அவர் விரல் அதற்குள் மேல ரதவீதியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.