சொர்க்கத்தில் விளையாத மிளகு

பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்தக் காயைக் கைமாற்றிக் கைமாற்றிப் பாருங்கள், கடைசி வரிசை வரை வரும். சுண்டுவிரல் நீளம், பழுப்பு நிறம், சொரசொரத் தோல். மேற்கு ஆப்பிரிக்காவில் இதற்கு முதலை மிளகு என்றும் ஒரு பெயர் உண்டு. உடைத்தால் உள்ளே வெள்ளைச் சவ்வில் நெருக்கியடித்துக்கொண்டு செம்பழுப்பு விதைகள். நாலைந்தை எடுத்து நிதானமாகக் கடியுங்கள். முதலில் ஏலக்காய் வாசம் வரும், அப்புறம்தான் காரம், அதுவும் மிளகின் சுளீர் காரமில்லை, இஞ்சியைக் கடித்தபின் தொண்டைக்குள் மெல்ல ஏறுமே அந்த மாதிரி. ஏறத்தான் செய்யும், இது இஞ்சிக் குடும்பம், ஏலக்காய்க்கு உறவு. மிளகுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஐரோப்பியர்கள் இதற்கு வைத்த பெயர் சொர்க்கத்து மணிகள். சகாரா பாலைவனத்தை ஒட்டகத்தில் தாண்டி, மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கு வந்து, அங்கிருந்து பிரெஞ்சுச் சமையலறைகளுக்கும் மசாலா ஒயினுக்கும் போன சரக்கு இது. எந்த மண்ணில் விளைந்தது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. சொர்க்கத்துச் சரக்கு என்றால் விலை ஏறாதா என்ன? 15ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் கப்பலிலேயே போய் இறங்கிவிட்டார்கள், இன்றைய லைபீரியாவை ஒட்டிய கடற்கரைக்கு மிளகுக் கரை என்று பெயர் விழுந்ததே இதனால்தான். அதே போர்த்துகீசியர்கள் 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தபின் கறுப்பு மிளகு கப்பல் கப்பலாகப் போக, இதன் மவுசு ஐரோப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இங்கிலாந்தில் பீருக்குக் காரம் ஏற்ற இதைப் போட்டார்கள், 1816இல் சட்டம் போட்டு அதையும் தடுத்தார்கள். இப்போது சில ஜின் வகைகளில் மணக்கிறது.

சரி, ஐரோப்பா மறந்தால் மறக்கட்டும். விளைந்த ஊரில் இது மரியாதை குறையாமல் இருக்கிறது, நான் சொல்ல வந்ததே அதுதான்.

நைஜீரியாவில் இக்போ இனத்தவர் வீட்டுக்குப் போனால் முதலில் வருவது ஒரு தட்டு. அதில் ஓஜி என்கிற, மென்று தின்னும் கோலாக் கொட்டை, பக்கத்தில் இந்தக் காய். இதற்கு அவர்கள் பெயரே ஓசே ஓஜி, அதாவது ஓஜிக்கான மிளகு. பெரியவர் ஒருவர் கொட்டையைக் கையில் எடுத்து வேண்டுவார், இக்போ மொழியில் மட்டும்தான். ஓஜிக்கு ஆங்கிலம் புரியாது என்று ஒரு சொலவடையே உண்டு. வேண்டுதல் முடிந்தபின் உடைத்து ஆளுக்கொரு துண்டு. கொட்டை கசக்கும், கூடவே இந்தக் காயின் நாலு விதை. ஓஜியை நீட்டாமல் பேச்சை ஆரம்பித்தால் வந்தவருக்கு மனசு ஆறாது.

நைஜீரியாவின் இன்னொரு இனமான யோருபா மக்கள் இதை அத்தாரே என்கிறார்கள். குழந்தை பிறந்த எட்டாம் நாள் பெயர் வைக்கும்போது தேன், உப்பு, தண்ணீர் என்று வரிசையாக எடுத்து வாழ்த்துவார்கள், அதில் இதுவும் ஒன்று. ஒரே காய்க்குள் இத்தனை விதை இருக்கிறதல்லவா, உன் வம்சமும் இப்படிப் பெருகட்டும் என்பது கணக்கு. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இதை வாயில் மென்றுகொண்டே சொன்னால் சொல் பலிக்கும் என்ற நம்பிக்கை. அதனால் மந்திரம் சொல்கிறவர்களும் மெல்வார்கள், சாபம் கொடுக்கிறவர்களும் மெல்வார்கள்.

அடுப்படிக்கு வருவோம். நைஜீரியாவின் பெப்பர் சூப்பில், ஆட்டுக்கறியோ கெளுத்தியோ எதுவானாலும், இதை இடித்துப் போடுவார்கள். கானாவில் புளிச்சைப்பூ மாதிரியான சிவப்புப் பூவைக் கொதிக்கவைத்து இஞ்சியோடு செய்யும் சோபோலோ என்ற பானத்திலும் சேர்ப்பார்கள். துனீசியாவில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், பட்டையோடு இதுவும் சேர்ந்து ஐந்து சரக்குப் பொடி. உங்களுக்குக் கிடைத்தால் ஒன்றே ஒன்று: பொடித்து டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள், இறக்குகிற நேரத்தில் இடித்துத் தூவுங்கள், வாசம்தானே இதன் பாதி. மிளகையும் ஏலக்காயையும் கலந்தால் இதே ருசி வரும் என்று சிலர் சொல்வார்கள். நானும் கலந்து பார்த்தேன், பாயசத்தில் மிளகு விழுந்த மாதிரிதான் இருந்தது.

காய் எங்கே போச்சு? நாலாவது வரிசையில் ஒருவர் தண்ணீர் கேட்கிறார், யாராவது கொடுங்கள். நாலைந்து என்று சொன்னேன், ஐயா கை நிறைய அள்ளியிருக்கிறார்.