திமிங்கலத்துக்கு ஆல்பம் இருக்கிறது, நமக்கு?

(போன ஞாயிறு மும்பையில் எங்கள் சங்கத்தில் பேசியது. எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டதால், மேடையில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒன்றிரண்டு இடத்தில் கூடியிருக்கலாம், குறைந்திருக்காது.)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இரண்டே வார்த்தை என்று தொடங்கி நாற்பது நிமிஷம் பேசிய துணைத்தலைவர் அவர்களே, சங்கக் கணக்கைப் பைசா பிசகாமல் வைத்திருக்கும் பொருளாளர் அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து கோலம் போட்டது வரை எல்லாம் செய்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளிர் அணித் தாய்மார்களே, இன்றைய வாழைக்காய் பஜ்ஜிக்கும் டீக்கும் பொறுப்பேற்ற தம்பி அவர்களே (இவரைச் சொல்லாமல் விட்டால் இரண்டாவது டீ வராது), தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலைக் குறைக்கும் மெகா பிளாக் நாளிலும் டோம்பிவிலியிலிருந்து கிளம்பி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூர் வந்து சேர்ந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் வயசைக் காரணம் காட்டி மன்னித்துவிடுங்கள். பொன்னாடைக்கும் நன்றி. இந்தப் புழுக்கத்தில் பொன்னாடை போர்த்துவது மரியாதையா தண்டனையா என்று தலைவர்தான் சொல்ல வேண்டும்.

இளைஞர் அணி எனக்குக் கொடுத்த தலைப்பு "கடல்". அவ்வளவுதான், ஒரே வார்த்தை. துறைமுகத்தில் 31 வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவனுக்குக் கடல் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் மூட்டையும் பெட்டியும்தான். கப்பலிலிருந்து இறங்குவதை ஒவ்வொன்றாக எண்ணிக் கோடு போட வேண்டும், நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை, இன்றைக்கும் விடுவதாக இல்லை.

எண்ணிப் பழகியவன் என்பதால்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. மூட்டை ஓடாது, எண்ணிவிடலாம். திமிங்கலத்தை எப்படி எண்ணுவது? ஒரு நிமிஷம் முதுகைக் காட்டும், மூச்சு விடும், முங்கிவிடும். இருபது நிமிஷம் கழித்து இரண்டு மைல் தள்ளி இன்னொரு முதுகு தெரியும். அதுவேதானா, வேறொன்றா? ஒன்றையே பத்துத் தடவை எண்ணிவிட்டு பத்து இருக்கிறது என்று எழுதினால் எங்கள் டாக்கில் மறுநாளே மெமோ வரும்.

மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். திமிங்கலத்தை ஆள் ஆளாக எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பது ஒன்று, அதனால் என்ன பிரயோஜனம் என்பது இரண்டு, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பது மூன்று.

முன்பெல்லாம் ஒரு வழி வைத்திருந்தார்கள், கேட்டால் சிரிப்பீர்கள். எண் பொறித்த ஓர் உலோகக் குழாயைத் துப்பாக்கியால் திமிங்கலத்தின் உடம்புக்குள் சுட்டுவிடுவது. பல வருஷம் கழித்து யாராவது அதை வேட்டையாடி வெட்டிக் காய்ச்சும்போது குழாய் அகப்பட்டால், ஓஹோ, இது இன்ன வருஷம் இன்ன இடத்தில் சுட்டது என்று எழுதிக்கொள்வார்கள். செத்த பிறகுதான் விலாசம் தெரியும்.

1970-களில் ஆய்வாளர்கள் கேமராவைத் தூக்கினார்கள். அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் ரோஜர் பெய்ன், கனடாவின் மேற்குக் கரையில் மைக்கேல் பிக். பிக் பார்த்தது ஓர்கா என்கிற கறுப்பு வெள்ளைக்காரனை. முதுகுத் துடுப்பில் இருக்கிற வெட்டு, அதற்குப் பின்னால் சேணம் போட்டதுபோல இருக்கிற சாம்பல் திட்டு, இரண்டையும் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார். அதுவரை ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள், எண்ணிப் பார்த்தால் சில நூறுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

இனத்துக்கு இனம் பார்க்கிற இடம் மாறும். கூனல் திமிங்கலம் என்றால் வால். முங்கும்போது வாலைத் தூக்குமே, அதன் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக மை கொட்டியதுபோல இருக்கும், ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. நீலத் திமிங்கலத்துக்கு விலாவில் இருக்கிற தேமல். வட அட்லாண்டிக்கில் ஒன்று இருக்கிறது, ரைட் திமிங்கலம் என்பார்கள். மெதுவாக நீந்தும், செத்தாலும் மிதக்கும், அதனால் வேட்டைக்குச் சரியான திமிங்கலம் என்று அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பாவம். இதற்குத் தலையில் காய்ப்பு. மூட்டை தூக்குகிறவர் தோளில் காய்த்திருக்குமே, அந்த மாதிரி தடித்த தோல். மனுஷனுக்கு மீசை, தாடி, புருவம் இருக்கிற இடத்தில் இதற்குக் காய்ப்பு இருக்கும். அதன் மேல் வெளிர் நிறத்தில் பேன் குடியிருப்பதால் தூரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தலையில் பேன் இருப்பதால் உயிரினத்துக்கு ஒரு நன்மை உண்டென்றால் இந்த ஒரு இடத்தில்தான் என்று நினைக்கிறேன். (இங்கே மகளிர் அணி சிரித்தது.)

இதைப் படித்தபோது எனக்குத் தாராவியில் எங்கள் சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஞாபகம்தான் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலம். தோல் கிடங்கில் வேலை பார்த்த அண்ணன் தம்பி இருவர், இரட்டைப் பிள்ளைகள், பெற்ற தாய்க்கே குழப்பம் வரும். ஒருத்தன் வந்து பருப்பும் எண்ணெயும் கடனுக்கு வாங்கிப் போவான். மாசக் கடைசியில் கேட்டால் நான் வாங்கவில்லை, அவன் வாங்கியிருப்பான் என்பான். அவனைக் கேட்டால் இவனைக் காட்டுவான். அண்ணாச்சி மூன்று மாசம் பொறுத்தார். நாலாவது மாசம் கண்டுபிடித்துவிட்டார், மூத்தவனுக்கு இடது காது மடலில் ஒரு வெட்டு. சின்ன வயசில் கதவிடுக்கில் மாட்டியதாம். அன்றிலிருந்து கடன் நோட்டில் பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதை வரைய ஆரம்பித்தார். கிழிந்த காது: துவரம்பருப்பு கால் கிலோ. முழுக் காது: சோப்பு ஒன்று, பீடிக்கட்டு ஒன்று. நானே பார்த்திருக்கிறேன், அழகாகவே வரைவார்.

பையன்கள் லேசுப்பட்டவர்களா? ஜனவரி வந்தது. இந்த ஊரில் காற்று கொஞ்சம் சில்லென்றால் போதும், எல்லோரும் மங்கி குல்லா மாட்டிக்கொள்வார்கள். இவர்களும் ஆளுக்கொன்று மாட்டினார்கள், ஒரே நிறம். "ஏல, குல்லாவைக் கழட்டு" என்றார் அண்ணாச்சி. "காது வலி அண்ணாச்சி" என்றான் வந்தவன். மறுநாளும் காது வலி. அண்ணாச்சி சண்டை போடவில்லை, நோட்டில் மூன்றாவதாக ஒரு பக்கம் திறந்தார்: குல்லா. குல்லாவுக்குத் தனிக் கணக்கு. ஹோலி வரை ஓடியது. வெயில் ஏறி, குல்லா கழன்று, காது வெளியே வந்தபோது குல்லா கணக்கில் 42 ரூபாய் நின்றது. இரண்டு பேரும் அது நானில்லை என்றார்கள். அண்ணாச்சி 42-ஐ இரண்டாக வகுத்து ஆளுக்கு 21 என்று ஏற்றிவிட்டு, அன்றைக்கே இருவரையும் வெளிச்சத்தில் நிற்க வைத்து, பிடரி மச்சம், கட்டைவிரல் நகம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒரு அடையாளத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

சிரிக்காதீர்கள், திமிங்கல ஆல்பம் வைத்திருப்பவர்கள் செய்வதும் இதேதான். நீலத் திமிங்கலத்தின் இடது விலா மட்டும் ஒருநாள் படத்தில் விழும், வலது விலா வேறொரு நாள். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிகிற வரை தனித்தனிக் கணக்குதான், குல்லா மாதிரி. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நல்ல படம் கிடைக்கிற அன்றைக்குக் கணக்கைச் சேர்ப்பார்கள்.

இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஹாப்பிவேல் என்று ஓர் இணையதளம், 2015-ல் தொடங்கியது. சுற்றுலா போகிறவர் எடுத்த படத்தையும் அனுப்பலாம், வாலின் ஓரத்தை வைத்து இது யார் என்று தேடிச் சொல்லும். அப்படித்தான் ஒரு ஆண் கூனல் திமிங்கலம் பிடிபட்டது. 2013-ல் கொலம்பியாவின் பசிபிக் கரையில் எடுத்த வாலும், 2022-ல் ஆப்பிரிக்காவின் சான்சிபார் பக்கம் எடுத்த வாலும் ஒன்றே. நேர்கோட்டில் அளந்தாலே 13,000 கிலோமீட்டருக்கு மேல். நாம் திருநெல்வேலியிலிருந்து தாதர் வந்ததற்கே எத்தனை கதை சொல்கிறோம்!

சரி, இரண்டாவது விஷயம், பிரயோஜனம். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் இன்றைக்கு உலகத்திலேயே 400-க்கும் குறைவாகத்தான் மிச்சம். அத்தனைக்கும் படம், எண், முடிந்தவரை தாய் யார் பிள்ளை யார் என்று பாஸ்டனில் இருக்கும் நியூ இங்கிலாந்து அக்வேரியத்தில் ஆல்பம் இருக்கிறது. அதில் 1281 என்று ஒருத்தி. தலையில் காற்புள்ளி, கோடு மாதிரித் தழும்புகள் இருந்ததால் நிறுத்தற்குறி என்று பொருள்படப் பங்சுவேஷன் என்று பெயர் வைத்தார்கள். 1981-ல் முதல் படம். எட்டுப் பிள்ளை பெற்றாள், பேரப்பிள்ளையும் கண்டாள். 2019 ஜூனில் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் செத்து மிதந்தாள். கப்பல் மோதியிருக்கிறது. ஆல்பம் இல்லையென்றால் அது வெறும் பிணம், இழுத்து அறுத்துப் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆல்பம் இருந்ததால் போனவள் யார், எத்தனை வருஷத்துக்காரி, யாருக்குப் பாட்டி என்று சொல்ல முடிந்தது. படங்களில் தழும்பைப் பார்த்துத்தான் நூற்றுக்கு 80-க்கு மேல் ஒருமுறையாவது மீன்பிடிக் கயிற்றில் சிக்கியவை என்று கண்டார்கள். திமிங்கலங்கள் எங்கே கூடுகின்றன என்பது பதிவாகியிருந்ததால், 2003-ல் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் தடத்தையே தள்ளிப் போட்டார்கள். துறைமுகத்தில் இருந்தவன் சொல்கிறேன், கப்பல்காரர்களை நாலு மைல் தள்ளிப் போகச் சொல்வது சாதாரண விஷயமில்லை.

நம் அரபிக்கடலுக்கு வாருங்கள். இங்கேயும் கூனல் திமிங்கலம் இருக்கிறது. மற்ற கடல்களில் இருக்கும் சொந்தக்காரர்களெல்லாம் வருஷா வருஷம் துருவத்துப் பக்கம் போய் வர, இவை மட்டும் இங்கேயே தங்கிவிட்டவை. 1960-களில் சோவியத் கப்பல்கள் திருட்டுத்தனமாக 242-ஐக் கொன்றுபோட்டன, வெளியே தெரியவே பல வருஷம் ஆனது. பிறகு ஓமன் கரையில் வால் படம் எடுத்து, திரும்பத் திரும்ப யார் வருகிறார்கள் என்று பார்த்துக் கணக்குப் போட்டபோது வந்தது சுமார் 82. அதில் ஒரு பெண்ணுக்கு லுபான் என்று பெயர், அரபியில் குந்திரிக்கம். 2017 கடைசியில் ஓமனில் அவள் மேல் சாட்டிலைட் கருவி பொருத்தினார்கள். கடலைக் குறுக்கே கடந்து, நம் மேற்குக் கரையோரமாகவே இறங்கி, குமரிமுனை வரை போய்விட்டு ஓமனுக்கே திரும்பினாள். இங்கே ஒரு அதிகாரியிடமும் கையெழுத்து வாங்கவில்லை.

மூன்றாவது, சட்டம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சட்டத்தை அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். திமிங்கல வாந்தி விற்கிறேன் என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் பக்கத்தில் போகாதீர்கள், ஜெயில். அவ்வளவு போதும். நான் பேச வந்தது வேறு, என்னை அறிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

உள்ளே வரும்போது இடது பக்கச் சுவரில் சட்டம் போட்ட குரூப் போட்டோ பார்த்தீர்களா? 1964 ஆண்டு விழா. 23 பேர். கீழே "நிற்பவர்கள் இடமிருந்து வலம்" என்று இருக்கிறது, அதற்கப்புறம் பூச்சி தின்றுவிட்டது. 23 பேரில் 4 பேர்தான் இன்றைக்கு யாரென்று தெரியும். அதிலும் ஒருவரை உடைந்த முன்பல்லை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அட்லாண்டிக்கில் ஒரு திமிங்கலத்துக்குப் பாட்டி யார் என்று சொல்கிறான், நம் சங்கத்தைக் கட்டியவர் யார் என்று நமக்குத் தெரியவில்லை. இதை நான் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பொருளாளருக்கு என்னைக் கண்டாலே பயம், ஸ்கேனர் கேட்பேன் என்று.

2005 ஜூலை 26 மழையில் குர்லாவில் எங்கள் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். டிரங்குப் பெட்டியில் இருந்த ஆல்பத்தை மூன்றாம் நாள் திறந்தேன். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. மெதுவாகப் பிரித்தேன், அம்மாவின் முகம் உரிந்து அடுத்த படத்தின் முதுகோடு போய்விட்டது. அம்மாவின் சேலை மட்டும் இருக்கிறது, கட்டம் போட்ட சேலை. யாரிடமாவது ஒரு பிரதி இருந்திருந்தால்!

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு வீட்டில் இருக்கிற பழைய படங்களை எடுத்து வாருங்கள். கல்யாணம், சீமந்தம், சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், பொங்கல் வைத்தது, மில் வாசலில் நின்றது, எதுவானாலும். படத்தின் பின்னால் பெயர், ஊர், வருஷம் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும். மெத்தென்ற பென்சில், அழுத்தாமல். வருஷம் தெரியாவிட்டால் "தம்பி பிறப்பதற்கு முன்னால்" என்று எழுதுங்கள், அதுவும் கணக்குதான். ஆற்றில் போட்டாலும்... சரி, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். முன்வரிசைத் தம்பிகள் அந்த போனிலேயே படமெடுத்து ஏற்றிவிடுவார்கள், நான் பேசி வைத்துவிட்டேன், அவர்களுக்கு இன்னும் தெரியாது. எண்பது தாண்டியவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், அந்த 23 பேரில் மிச்சம் 19 முகம் அவர்களை நம்பித்தான் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம், பூதக்கண்ணாடி என்னிடம் இரண்டு இருக்கிறது. காலை பத்து மணி. அன்றைக்கும் மெகா பிளாக் இருக்கும், பார்த்துக் கிளம்புங்கள். டீ என் செலவு. வணக்கம்.