அந்த இரண்டு மில்லிமீட்டர் எங்கே போனது?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மணி எட்டரை. பத்து மணிக்குப் பசங்க வந்துவிடுவார்கள், அதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெருவில் 13 முதல் 16 வயது வரை ஆறு பேர், இரண்டு மாதமாக என்னிடம் மர வேலை கற்றுக்கொள்கிறார்கள். போன வாரம் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆளுக்கு ஒரு பெட்டி செய்தோம்.

இதோ பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். இந்த மூலையில் ஓர் இடுக்கு தெரிகிறதா? ஒரு ரூபாய்க் காசு உள்ளே போகிறது. இதைச் செய்த பெண்ணுக்கு 14 வயது. "நான் சரியாத்தான் அளந்தேன் மாமா" என்று சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை, அவள் போட்ட கோட்டை நானே திரும்ப அளந்து பார்த்தேன், அச்சுப்போல சரியாக இருந்தது. கோடு சரி, பலகை தப்பு. அப்படியென்றால் நடுவில் அந்த மரம் எங்கே போனது?

இந்த வயதுப் பிள்ளைகள் அளவு தப்பினால் பெரியவர்கள் வாயில் உடனே வருவது "கவனமே இல்லை" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன். இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெட்டிய துண்டு 2 மில்லிமீட்டர் குறைந்தால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைத்ததை அந்தப் பிள்ளையின் கண் முன்னால் காட்டிவிட்டால் அடுத்த வாரம் அது வராது. "கவனமாக இரு" என்பதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாதே.

அந்தப் பெண்ணுடைய 2 மில்லிமீட்டரை ரம்பம் தின்றுவிட்டது. கைரம்பத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஒரு பல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்தது வலப்பக்கம், இப்படியே மாறி மாறிப் போகும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் தகடு மரத்தில் சிக்காமல் ஓடுகிறது. ஆனால் அந்தப் பாதை முழுக்க மரம் தூளாகிக் கீழே விழுகிறது இல்லையா, என் ரம்பத்தில் அதன் அகலம் சரியாக 2 மில்லிமீட்டர். அவள் கோட்டுக்கு உள்பக்கம் ரம்பத்தை வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க நான் முயற்சி செய்வதில்லை. 300 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டையைக் கொடுத்து, அளந்து பார்த்து நடுவில் வெட்டு என்பேன். வெட்டியதும் இரண்டு துண்டையும் ஒட்டவைத்துத் திரும்ப அளக்கச் சொல்வேன். 298 வரும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்! குனிந்து தரையில் கிடக்கும் தூளைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். அதன் பிறகு ஒரு கணக்குப் போடச் சொல்வேன். 1220 அகலப் பலகை, நான்கு துண்டு வேண்டும், ஒவ்வொன்றும் 305, மெஷின் பிளேடு ஒரு வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் தின்னும். மூன்று துண்டைக் கச்சிதமாக வெட்டி எடுத்தால் கடைசித் துண்டு எவ்வளவு? 296. பள்ளியில் கழித்தலில் தடுமாறும் பையன்கூட இதைச் சட்டென்று சொல்லிவிட்டான், ஏனென்றால் அவன் மனசுக்குள் அந்தத் தூள் விழுவது தெரிகிறது.

அதனால் எங்கள் பட்டறையில் கோடு போட்டால் கூடவே ஒரு பெருக்கல் குறி போட வேண்டும், வேண்டாத பக்கத்தில். ரம்பம் அந்தக் குறி இருக்கும் பக்கத்தில்தான் ஓடணும், வெட்டி முடித்த பிறகும் பென்சில் கோடு நம் துண்டில் மிச்சம் இருக்கணும்.

பென்சில் என்றதும் ஞாபகம் வருகிறது. மழுங்கிய பென்சில் போடும் கோடே 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், அதில் எந்த ஓரத்தை நம்புவது? நான் கட்டர் கத்தியால் மூலைமட்டத்தை, அதாவது செங்கோணம் பார்க்கும் 'L' வடிவக் கருவியை, ஒட்டி லேசாகக் கீறச் சொல்கிறேன். பிளைவுட்டின் மேல்தாள் அந்தக் கீறலில் ஏற்கெனவே அறுபட்டிருப்பதால் வெட்டும்போது சிலும்பு கிளம்பாமலும் இருக்கும். மட்டத்தைப் பிடிக்கும் கை, கத்தி போகும் வழியில் இருக்கக் கூடாது, இதை ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். மெஷின் ரம்பத்தை இவர்களில் யார் கையிலும் கொடுப்பதில்லை, கைரம்பம்தான்.

அடுத்தது டேப். நுனியில் இருக்கும் கொக்கியை ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடும். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, அப்பாவின் டேப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துச் சுத்தியலால் தட்டி அதை இறுக்கிவைத்தேன், அவருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் செய்தேன். அப்பா திட்டவில்லை. வேறொரு டேப்பைக் கொடுத்து, முதலில் பலகையின் ஓரத்தில் கொக்கியை மாட்டி இழுத்து அளக்கச் சொன்னார், அப்புறம் ஒரு பெட்டியின் உள்சுவரில் முட்டவைத்து அளக்கச் சொன்னார். இழுத்தால் கொக்கி வெளியே வருகிறது, முட்டினால் உள்ளே போகிறது, எவ்வளவு தூரம் என்றால் அந்தக் கொக்கித் தகட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு. வெளியளவு, உள்ளளவு இரண்டும் சரியாக வரட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நான் இறுக்கிய டேப் கடைசிவரை ஒரு பக்கம் தப்பாகவே காட்டியது. இன்றைக்கும் என்னிடம் வரும் பிள்ளை முதல் நாள் செய்கிற வேலை அந்தக் கொக்கியை ஆட்டிப் பார்ப்பதுதான்.

அப்புறம் இந்த அடி, இஞ்சுத் தகராறு. பிள்ளைகள் பள்ளியில் சென்டிமீட்டர் படிக்கிறார்கள், பிளைவுட் கடையில் எட்டுக்கு நாலு என்று அடியில் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஆசாரிகள் ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்பார்கள். "ஒண்ணேகால் அடி, மூணு நூல்" என்றால் அவர்களுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இதை மூன்றாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எட்டு நூலுக்கு 24 வரும், ஆனால் இஞ்சு 25.4, அங்கேயே ஒன்றரை மில்லிமீட்டர் போச்சு. நூலையும் கற்றுக்கொடுக்கிறேன், அது நம் ஊர்ப் பட்டறை மொழி, அழிந்துபோகக் கூடாது. ஆனால் ஒரு வேலையை எதில் தொடங்கினோமோ அதிலேயே முடிக்கணும், நடுவில் டேப்பின் அடுத்த பக்கத்துக்குத் தாவக் கூடாது.

ஒரு பையன், எதை வெட்டினாலும் 1 மில்லிமீட்டர் கூடவே வரும், ஒருநாளும் குறைந்து வராது. இரண்டு வாரம் பின்னால் நின்று கவனித்தேன். டேப்பின் பூஜ்யத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்றபடி எட்டிப் பார்த்துக் குறி வைக்கிறான். டேப் வளைவாக இருப்பதால் அதன் ஓரம் மரத்தில் படியாமல் தூக்கி நிற்கிறது, இடப்பக்கமிருந்து சாய்வாகப் பார்த்தால் குறி வலப்பக்கம் தள்ளித்தான் விழும். குறி வைக்கிற இடத்துக்கு நேர் மேலே தலையைக் கொண்டுவா, டேப் ஓரத்தை மரத்தோடு அழுத்து என்றேன். அன்றைக்கே சரியாகிவிட்டது. அவனை இத்தனை நாள் எத்தனை பேர் அவசரக்காரன் என்று சொல்லியிருப்பார்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது, எண்ணே இல்லாமல் அளப்பது. பெட்டியின் வெளிநீளம் 300, அப்படியென்றால் உள்ளே உட்காரும் அடிப்பலகை எவ்வளவு? முதல் தடவை ஆறு பேரில் நாலு பேர் 300 வெட்டிவிட்டார்கள், பக்கப் பலகைகளின் தடிமனை மறந்துவிட்டார்கள். மற்ற இருவர் 24-ஐக் கழித்து 276 வெட்டினார்கள், அதுவும் பொருந்தவில்லை. 12 என்று விற்கிற அந்தப் பலகை உண்மையில் 12 இல்லை, கொஞ்சம் குறைவாக இருந்தது. அதனால் இப்போது கழித்தலே கிடையாது. இரண்டு பக்கப் பலகைகளையும் நிறுத்திவைத்து, நடுவில் இருக்கும் இடத்தில் ஒரு குச்சியை வைத்துக் கத்தியால் குறி போட்டு, அந்தக் குச்சியை அப்படியே அடிப்பலகை மேல் கொண்டுபோய் வை. ஒரே மாதிரி ஆறு துண்டு வேண்டுமென்றாலும் அதே குச்சிதான், ஆறு தடவை டேப்பை நீட்டினால் ஆறு தடவை தப்ப வாய்ப்பு இருக்கிறது.

மூலைமட்டம் சரியா என்று பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரான ஓரத்தில் வைத்து ஒரு கோடு போடுங்கள், மட்டத்தை மறுபக்கம் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் நல்ல மட்டம். விரிந்து போனால் மட்டம் கோணல், விரிசலில் பாதிதான் அதன் தப்பு.

மேசைக்குக் கீழே இருக்கும் இந்த அட்டைப்பெட்டியில் தப்பிய துண்டுகளைப் போட்டுவைக்கிறோம். இந்த வயதில் தப்பான துண்டை ஒளித்துவைக்கத்தான் தோன்றும், பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இங்கே அப்படி வேண்டாம். வேண்டிய அளவு, வந்த அளவு, காரணம், மூன்றையும் துண்டின் மேலேயே எழுதிப் போட வேண்டும். இதில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன்: "276 வேணும், 274 வந்துச்சு, ரம்பம் கோட்டுக்கு உள்ளே." அந்தப் பெண்ணின் கையெழுத்துதான். இன்றைக்கு அவளுக்குப் புதுப் பலகை எடுத்து வைத்திருக்கிறேன்.

கேட் சத்தம் கேட்கிறது, யாரோ சீக்கிரமே வந்துவிட்டார்கள். பார்க்கலாம் நண்பர்களே.